புல்லுக்கே இறைத்த கதை

அறுகைக் கண்டால் அப்பு சும்மா கடந்து போகமாட்டார். விடியற்காலையில் பரராசசேகரப் பிள்ளையாருக்கென்று நாலு நுனி கிள்ளி மடியில் வைப்பார். அதே கை பிறகு நாள் முழுக்க அதைக் கொத்திக் கிளப்பி, வேரோடு உதறி, வரம்பில் வெயிலுக்குப் போடும். "ஒரு கணு தப்பினால் போதும், ஒரு பரப்பை முழுசாப் பிடிச்சுப் போடும்" என்பார். அவருடைய பேரன் நான், இங்கிலாந்தில் ஒரு கொல்ஃப் மைதானத்தில் 22 வருடம் புல்லுக்குத் தண்ணீர் விட்டுச் சம்பளம் வாங்கினேன். வாய்க்காலில் பொசிகிற தண்ணீரைப் புல்லும் குடிக்கும் என்று சின்ன வகுப்பில் படித்தோம். நான் போன இடத்தில் வாய்க்காலே புல்லுக்காகத்தான் வெட்டியிருந்தது.

அப்பு உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அதை எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் இணுவில். இணுவில் என்றால் வெளியூரார் தவிலைச் சொல்வார்கள். தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர் என்பதால் அது நியாயம்தான். தைப்பூச மஞ்சத்தைச் சொல்வார்கள். வயதானவர்கள் 1898 இல் தொடங்கிய மக்கிளியொட் ஆஸ்பத்திரியைச் சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாதிப் பேர் அங்கே பிறந்ததுபோலப் பேசுவார்கள். எனக்கு இணுவில் என்றால் செம்மண்ணும் கிணறும். காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், தாவடி தாண்டி மருதனார்மடம் வரும்வரை, வீதியின் இரு பக்கமும் வீடுகளுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் கிணறு. ஆறு கிடையாது. மேற்கே மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று உண்டு. அதை நம்பிப் புகையிலை நட்டவரை நான் அறியேன்.

மழை எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அந்த மூன்று மாதத்தில் பெய்வதுதான் வருடத்துச் சீவியம். அது செம்மண்ணுக்குள் இறங்கி, கீழே சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும். அதற்கும் கீழே கடல்நீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாடொன் கைபன் என்ற ஒல்லாந்தரும் அவருக்குப் பிறகு ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அவர்கள் பேரில்தான் வழங்குகிறது. இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கவேண்டும். மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அப்புவுக்கு இந்தப் பேர்கள் தெரியாது. கிணற்றின் உட்சுவரில் ஒரு கல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே போனால் இறைப்பு நிற்கும். கிணற்றுப் பங்காளி எவ்வளவு அவசரப்பட்டாலும் நிற்கும். "ஊற விடவேணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இறைத்தது துலாவால். இன்றைய பிள்ளைகளுக்குத் துலா என்றால் வீட்டுக் கிணற்றில் கைக்கு இழுக்கும் சின்னத் துலாதான் தெரியும், அதுவும் படத்தில். தோட்டத்துத் துலா மிதிக்கிற துலா. இரண்டு ஆடுகால், நடுவில் அச்சு, அச்சில் நீண்ட துலா, அதன் நுனியில் துலாக்கொடி, கொடியில் பனையோலையால் இழைத்த பட்டை. துலாவுக்கு மேலே இரண்டு பேர் நிற்பார்கள். பக்கத்தில் கட்டிய மூங்கிலைப் பிடித்தபடி கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும், பின்பக்கம் நடந்தால் ஏறும். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். நாலாவது ஆள் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். அந்த நாலாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பொடியன். எங்கள் தோட்டத்தில் அது நான்.

விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன்னர் முடிந்துவிடும். இருட்டுக்குள் துலாவின் கிறீச்சும் பட்டை கவிழும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். கிழக்கே யாரோ தவில் சாதகம் பண்ணத் தொடங்கும்போது எங்களுக்குப் பாதித் தோட்டம் நனைந்திருக்கும். மேலே மிதிப்பவர் எண்ணுவார். பாத்திக்கு இத்தனை பட்டை என்று அப்பு முதல்நாளே சொல்லிவிடுவார். புகையிலை நட்ட புதிதில் ஒரு கணக்கு, முழங்கால் உயரத்தில் ஒரு கணக்கு, முறிக்கத் தயாராகும்போது ஒரு கணக்கு. எண்ணிக்கை தப்பினால் மேலே நிற்பவரின் கால் முதலில் முறைப்பாடு சொல்லும். மனிதக் காலால் இறைக்கும் தண்ணீரை யாரும் வீணாக்கத் துணியமாட்டார்கள்.

இதை நான் புகழ்ந்து எழுதுகிறேன் என்று எடுக்கக்கூடாது. துலா மிதித்தவர்களில் பலர் அந்தக் காணிக்குச் சொந்தக்காரர் அல்லர். கூலிக்கு மிதித்தார்கள், சாதியின் பேரால் அந்தக் கூலியும் குறைத்துக் கொடுக்கப்பட்டது; தாங்களே அள்ளிக் குடிக்க முடியாத கிணற்றுக்கு மிதித்தவர்களும் இருந்தார்கள். துலாவிலிருந்து தவறிக் கிணற்றுக்குள் விழுந்து இடுப்பு உடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். மிச்சக் காலம் முழுக்கச் சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றினார். 1859 இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் ரெனன்ற் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களையும் கிணற்றுப் பாசனத்தையும் மெச்சி எழுதினார். மெச்சியவர் மேலேறி மிதிக்கவில்லை.

புகையிலைதான் இதற்கெல்லாம் காசு. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே அது வருமானப் பயிர். 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குத் தோணி தோணியாகப் போனது. அதை நட முதல் நிலத்துக்குக் குழை தாழ்ப்பார்கள்: பூவரசங்குழை, வேறு காட்டுக் குழை, கிடைத்ததெல்லாம். ஆட்டுப்பட்டி கொண்டுவந்து இரவு இரவாக இடம் மாற்றி அடைப்பார்கள். இந்தப் பட்டியை நான் பிறகு வேறொரு தேசத்துச் சரித்திரத்தில் சந்தித்தேன்.

கொல்ஃப் பிறந்த ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் புல்லை வெட்டியவை ஆடுகள். எருப் போட்டவையும் அவையே. தண்ணீர் விட்டவர் எவருமில்லை, வானம் விட்டது. சென் அன்றூஸில் 1865 முதல் மைதானத்தைப் பார்த்துக்கொண்ட பழைய ரொம் மொறிஸ் செய்த பெரிய காரியம், புல்லின்மேல் திரும்பத் திரும்ப மணல் தூவியது. அந்த விளையாட்டை ஆங்கிலேயர் வெயில் நாடுகளுக்குக் கொண்டுவந்தபோதுதான் கோடை ஒரு பிரச்சினையானது. இந்தியச் சமவெளிகளில் பல இடங்களில் குழி இருக்கும் இடத்தில் புல்லைக் காப்பாற்றும் எண்ணத்தையே கைவிட்டு, மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி விளையாடினார்கள். 'கிரீன்' என்கிற பச்சைக்குப் பதில் அதற்கு 'பிரவுன்' என்று பேர். இலங்கையில் 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கினார்கள். பிறகு 1896 இல் பொரளைப் பக்கம் ஆளுநர் ரிட்ஜ்வேயின் பேரிலான மைதானத்துக்குப் போனார்கள். களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை இன்றும் அதற்கு நடுவால் போகிறது. கொழும்புக்கும் 1889 இல் தொடங்கிய நுவரெலியாவுக்கும் மழைக்குக் குறைவில்லை. வரண்ட பகுதியில் திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படையின் மைதானம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அந்த ஆசை வேண்டாம்.

நான் 1985 இல் லண்டன் போய், 1988 இல் சறே பக்கத்தில் ஒரு மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதம் என் வேலை, விடியற்காலையில் நீண்ட மெல்லிய தடியால் புல்லின்மேல் வீசிப் பனியைத் தட்டிவிடுவது. பனி நின்றால் புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். கையில் தடியும் காலில் ஈரமும் நேரம் விடிய ஐந்தும். மண்வெட்டி ஒன்றுதான் இல்லை.

தலைமைப் புல்காரர் ஒரு கிழவர், அதிகம் பேசாதவர். புல்லுக்குத் தாகம் எடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். என்னை நடக்கச் சொன்னார். திரும்பிப் பார்க்கச் சொன்னார். என் காலடி பதிந்தபடியே கிடந்தது, புல் நிமிரவில்லை. அது தாகம். பிறகு சட்டைப்பையிலிருந்து கத்தி எடுத்து ஒரு சின்னத் துண்டு மண்ணை வெட்டித் தூக்கி, அடிமண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். மேல்மண் காய்ந்திருந்தது, அடியில் ஈரம். "இன்றைக்கு வேண்டாம்" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பு புகையிலைக்கடியில் ஒரு பிடி மண் கிள்ளி உருட்டிப் பார்ப்பார், உருண்டை பிடித்தால் அன்றைக்கு இறைப்பு இல்லை. இலை மத்தியானம் வாடிக் கிடந்தால் நான் பதறுவேன். "மத்தியானம் சோர்ந்தால் அது வெயிலடா. விடியப் பார்த்தும் சோர்ந்து கிடந்தாத்தான் தண்ணி."

புத்தகத்தில் இதற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக நாளும் விட்டால் வேர் மேலேயே படுத்துவிடும், வெயில் வந்ததும் முதலில் சாகும். விட்டால் அடிவரை விட்டு, பிறகு பொறுத்தால், வேர் தண்ணீரைத் தேடிக்கொண்டு கீழே போகும். கோடை இறுகும்போது வெட்டும் உயரத்தையும் கூட்டுவார்கள். நாலு மில்லிமீற்றரில் வெட்டுவதை ஐந்துக்கோ ஆறுக்கோ உயர்த்தினால் இலை கூடும், வேர் தாங்கும். பந்து மெதுவாக உருளுகிறது என்று அங்கத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கிழவர் காது கேளாதவர்போல் நடந்து போவார்.

1995 வந்தது. 1766 இலிருந்து வைத்திருக்கும் மழைப் பதிவில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அவ்வளவு வரண்ட கோடை இருந்ததில்லை. பரந்த வெளியெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. அதை விட்டுவிட்டோம். விட்டுவிடுவதும் ஒரு வேலை என்பதை அந்த வருடம் படித்தேன். குழி உள்ள 18 பச்சைகளை மட்டும் காப்பாற்றுவது என்று முடிவு. எல்லாம் சேர்த்தால் ஒரு ஹெக்டேருக்குக் கிட்ட வரும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் 10,000 லீற்றர். கோடை நாள் ஒன்றில் புல் குடிப்பது நாலைந்து மில்லிமீற்றர். இரவு ஸ்பிரிங்ளர் ஓடும். விடியற்காலையில் நான் குழாயோடு நடந்து, காலடி நிமிராத திட்டுகளுக்கு மட்டும் கையால் விடுவேன். பெரிய வேலையில்லை. வாயால் எண்ணிக்கொண்டே விடுவேன், பட்டைக் கணக்கு வாயில் அப்படியே கிடந்தது. 12, 13, 14, அடுத்த திட்டு.

ஊரில் யுத்தம். அந்த ஆடி மாதம் 9 ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. நவாலி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். மூன்று நாள் அம்மாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மூன்று நாளும் நான் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐப்பசி 30 ஆம் திகதி எங்கள் ஊர் இருக்கிற வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்குப் போனது. அம்மாவும் போனார். போகமுதல் பின்னேரம் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார். மழை வரப்போகிற மாதத்தில் ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வெங்காயப் பாத்தியும் இல்லை, வாய்க்காலும் இல்லை, தோட்டம் முழுக்க ஒரே அறுகு. தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் மழையில்லை, இறைக்க ஆளில்லை, அப்படியும் முழங்கால் மட்டும் பச்சை. "கொப்பற்றை அப்பு இதைக் கண்டிருந்தா மயங்கி விழுந்திருப்பார்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அம்மா சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அறுகு ஏன் அப்படி நிற்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். தரைக்கு மேலே ஓடும் தண்டு ஒன்று, தரைக்குக் கீழே ஓடும் தண்டு ஒன்று. மேலே காய்ந்து சருகானாலும் கீழே கணுவில் உயிர் இருக்கும். வெயில் நாட்டுக் கொல்ஃப் மைதானங்களில் பெரும்பாலானவை இந்த அறுகின்மேல்தான் நிற்கின்றன; ஆங்கிலத்தில் அதற்கு பெர்மியூடாப் புல் என்று பேர். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பேர்ட்டன் என்ற விஞ்ஞானி நம் அறுகையும் ஆபிரிக்க அறுகு ஒன்றையும் கலந்து 1956 இல் வெளியிட்ட டிஃப்கிரீன் என்ற வகைதான் வெயில் நாடுகளில் மணல் 'பிரவுன்'களின் இடத்தைப் பச்சையாக்கியதில் முக்கியமானது. மைதானத்து ஓய்வறையில் ஒரு சஞ்சிகையில் அதன் கணுவைப் பெருப்பித்துப் படம் போட்டிருந்தார்கள். கண்டதும் கையில் மண்வெட்டி தேடினேன்.

திரும்ப ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் துலாவின் கதை இன்னும் முடியவில்லை. எங்கள் கிணற்றுக்கு மெசின் வந்தது 1964 இல். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வோட்டர் பம். நாலு பேர் விடியுமட்டும் செய்த வேலையை ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலத்தில் முடித்தார். துலா மிதித்தவர்களின் கால் தப்பியது. அது ஒன்றுக்காகவே மெசினை வாழ்த்தலாம், நானும் வாழ்த்துகிறேன். ஆனால் எண்ணிக்கை போய்விட்டது. பாத்திக்கு எத்தனை பட்டை என்று கேட்க ஆளில்லை. துருத்திய கல்லுக்குக் கீழே தண்ணீர் போனால் குழாயை இன்னும் நாலடி இறக்கினார்கள். 1970 க்கும் 1977 க்கும் இடையில், வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவதைச் சிறிமாவோ அரசாங்கம் நிறுத்திய காலத்தில், நானும் அந்தக் குழாயை இறக்கியவன்தான். நல்ல காசு. ஆடி ஆவணியில் சோளகம் அடித்து மண்ணைக் காயவைக்கக் காயவைக்க நாங்கள் இறைத்துக்கொண்டே இருந்தோம், யூரியாவும் வாரி இறைத்தோம். இறைத்த தண்ணீர் யூரியாவையும் கூட்டிக்கொண்டு அதே கிணற்றுக்குத் திரும்பி வந்தது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடிவிட்டது என்று 1980 களிலிருந்து ஆய்வுகள் சொல்லி வருகின்றன. கரையோரத்தில் சில கிணறுகள் சவராகின.

1990 இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் பவுணுக்குச் சமமானபோது, ஊரில் சில வீடுகளில் பழைய துலாவைத் தேடி எடுத்தார்கள். மெசினை ஊசிக்குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்புவார்கள், அதுவும் கிடைக்காவிட்டால் துலா. அப்பா எழுதினார்: பாத்திக்கு எத்தனை பட்டை என்று ஞாபகம் இருக்கிறதா, எனக்கு மறந்துபோச்சுது என்று. நான் சறேயிலிருந்து கணக்கெழுதி அனுப்பினேன். செஞ்சிலுவைத் தபாலில் போய்ச் சேர இரண்டு மாதம். அதற்குள் வெங்காயம் கிளப்பிவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து சில வருடமாகிறது. மருதனார்மடச் சந்தைக்கு இன்னும் இணுவில் மரக்கறி போகிறது, ஆனால் தோட்டங்கள் இரண்டு பரப்பு மூன்று பரப்பாக வீட்டுக் காணிகளாகின்றன. வீடு கட்டுபவர் முதலில் செய்வது முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிப்பது. மழை இறங்க வழியில்லை. அடுத்தது தோட்டக் கிணற்றைத் தூர்ப்பது, பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று. சிலர் முற்றத்தில் புல்லும் வளர்க்கிறார்கள். கொழும்பிலிருந்து விரிப்பாகச் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கிறார்கள், பின்னேரம் ஐந்து மணிக்கு நாளும் குழாய் பிடிக்கிறார்கள். போகிற வழியில் ஒருநாள் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன்: "தம்பி, நாளும் விடாதேங்கோ. மூன்று நாளைக்கொருக்கால் விடிய விட்டுப் பாருங்கோ, வேர் இறங்கும்." "ஐயா தோட்டம் செய்தவரோ?" என்றார். "புல்லுத் தோட்டம்" என்றேன். பகிடி என்று நினைத்தார். வரம்போரம் காய்ந்து நின்ற அறுகைக் காட்டி இதையே விடலாமே என்றதற்கு, அது களையல்லவா என்று கேட்டார். அப்பு பேசியதுபோல இருந்தது.

எங்கள் கிணறு இன்னும் தூர்க்கப்படவில்லை. ஆடுகால் ஒன்று நிற்கிறது, மற்றதைப் பிறகு விறகுக்கு எடுத்துவிட்டார்கள். ஒரு பங்காளியின் மகன் காணியை விற்க வந்து கிணற்றை மூடிவிடுவோமா என்று கேட்டபோது பழைய காணி உறுதியை எடுத்து விரித்தேன். எங்கள் பக்கத்து உறுதிகளில் பரப்பும் குழியும் எல்லைகளும் எழுதியபின் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் தனியாக எழுதியிருக்கும். ஒருவர் காணியை விற்றாலும் மற்றவர்களின் பங்கு போகாது, மற்றவரைக் கேட்காமல் மூட ஒருவருக்கும் உரிமை இல்லை. எங்கள் உறுதியில் மூன்றில் ஒரு பங்கு என்று இருக்கிறது. அந்த மூன்று பங்குக்கும் இன்றைக்குப் பதினொரு பேர் உரித்தாளிகள், நாலு நாட்டில் இருக்கிறார்கள். இணுவிலிலோ உடுவிலிலோ கோண்டாவிலிலோ கிணறு தூர்க்க மண் ஏற்றி வைத்திருப்பவர்கள், லொறியை இறக்க முதல் உங்கள் உறுதியின் அந்த ஒரு வரியை வாசித்துப் பாருங்கள்.